வீட்டு வாசலுக்கே வந்து கார் ஆயில் மாற்றித் தருகிறார்கள்: நம்பி விடலாமா?

வேளச்சேரி_வேகன்

வணக்கம் நண்பர்களே. 2017 வேகன் ஆர், பெட்ரோல், 1 லிட்டர் என்ஜின். வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் மாதச் சாமான் வாங்குவதும்தான் இப்போது வண்டிக்கு வேலை. வருடத்துக்கு 4,000 கி.மீ. ஓடினாலே பெரிது.

சர்வீஸ் சென்டரில் காலையில் விட்டால் ஒரு நாள் போச்சு. கேட்காத வேலைக்கெல்லாம் பில்லில் தொகை ஏறுகிறது. போன தடவை ஏசிக்குக் கிருமிநாசினி அடித்ததாகப் போட்டிருந்தார்கள். அடித்தார்களா இல்லையா என்பது அந்த ஏசிக்குத்தான் வெளிச்சம்.

இப்போது வீட்டுக்கே வந்து ஆயிலும் ஃபில்டரும் மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். 5W-30 சிந்தெட்டிக் ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கிலேயே முடித்துவிடலாமாம். ஆயிலை மேலிருந்தே மெஷின் வைத்து உறிஞ்சிவிடுவாராம், வண்டிக்கு அடியில் போகவே வேண்டாமாம். இது சரிப்பட்டு வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஷெட்_அண்ணன்

தம்பி, வீட்டில் வைத்து ஆயில் மாற்றுவதில் தப்பே இல்லை. மாற்றும் விதத்தில்தான் விஷயம்.

உறிஞ்சி எடுக்கிற கதைக்கு முதலில் வருகிறேன். ஆயில் அளவு பார்க்கிற கம்பி, அதாவது டிப்ஸ்டிக், இருக்கிற குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு ஆயிலை இழுப்பார்கள். சில ஐரோப்பிய கார்களில் இது நன்றாகவே வேலை செய்யும். ஃபில்டரும் மேலேயே இருக்கும், டியூபும் சம்ப்பின் (என்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கிற தொட்டி) அடி வரை போகும். உங்கள் வண்டியில் ஃபில்டர் கீழே இருக்கிறது. அதைக் கழற்ற எப்படியும் அடியில் போய்த்தான் ஆக வேண்டும். அப்படிப் போகிற ஆள் ஆயிலை இறக்குகிற டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிவிட்டால் போயிற்று, மெஷின் எதற்கு? அடியில் போகவே மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், ஃபில்டரை மாற்றப் போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று. உறிஞ்சும்போது அடியில் கொஞ்சம் தங்கிவிட்டால், மேனுவலில் இருக்கிற அளவை அப்படியே ஊற்றக் கூடாது. ஊற்றினால் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டிவிடும். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். என்ஜினுக்குள் இருக்கிற கிராங்க் தண்டு சுற்றும்போது அந்த ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப்பால் ஒழுங்காகத் தள்ள முடியாது. குறைவாக ஊற்றினால் எவ்வளவு கெடுதலோ, அதில் பாதியாவது கூடுதலாக ஊற்றினாலும் உண்டு.

அப்புறம், டிரெய்ன் போல்ட்டுக்கு ஒரு வாஷர் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும். டீ செலவுக்குக்கூட ஆகாத சாமான். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்துப் பழைய வாஷரையே போட்டு, ஒழுகுகிறது என்று போல்ட்டை இன்னும் இறுக்கி, அலுமினிய சம்ப்பின் மரையைக் கெடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வருகிற வண்டிகள் நிறைய. மரை போனால் செலவு ஆயிரங்களில்.

மேகலா_தாம்பரம்

நான் ரொம்ப நாளாக வீட்டில்தான் ஆயில் மாற்றுகிறேன். எனக்குப் பிடித்த காரணம் வேறு. ஷெட்டுக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போனால் வண்டி என் பெயரில் இருந்தாலும் பக்கத்தில் நிற்கிற கணவரிடம்தான் பேசுவார்கள். அவருக்கு போனெட் திறக்கிற நெம்புகோல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வீட்டில் என்றால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன், கேள்வி கேட்கிறேன்.

வேகன் சார், நான் பார்ப்பது இதுதான். ஆயில் டப்பாவின் சீலை என் முன்னால்தான் உடைக்க வேண்டும். உங்கள் என்ஜினுக்கு 3 லிட்டரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். அவர் 3.5 லிட்டர் டப்பா கொண்டுவந்தால் மிச்சம் உங்களுடையது, மூடி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். சில நேரம் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஆகிவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் ஆயில் மொத்தமும் தரையில். புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவிக் கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்பேனர் போட்டு முறுக்குகிற ஆளை நான் அடுத்த தடவை கூப்பிடுவதில்லை.

கோவை_டீசல்

சீல் உடைத்தால் மட்டும் போதாது மேடம். சீல் வைத்த போலியும் கிடைக்கிறது. காலி டப்பாவைக் காயலான் கடைக்காரர் ஏன் தனி விலை கொடுத்துக் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் காலி டப்பாவைக் கையில் வாங்கி, கத்தியால் ஒரு கீறு கீறிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். ஆயிலை நாமே தெரிந்த கடையில் பில்லோடு வாங்கி வைத்துவிட்டு, ஆளைக் கூலிக்கு மட்டும் கூப்பிடுவதுதான் என் வழக்கம். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் வேண்டும். டப்பாவின் பின்பக்கம் சி2, சி3 என்று போட்டிருக்கும், எது என்று மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதா டீசல் ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃப்பில் போய் அடைந்துகொள்ளும். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது. வாசலுக்கு வருகிற பையன்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. "15W-40 தான் சார் டீசலுக்கு" என்று ஒரே பாட்டு.

வேளச்சேரி_வேகன்

அருமையான தகவல்கள். ஷெட் அண்ணன் சொன்னதை அப்படியே அவரிடம் கேட்டேன். "உங்க வண்டிக்கு ரேம்ப்பில் ஏற்றிக் கீழேதான் கழற்றுவோம் சார், மெஷின் பெரிய வண்டிகளுக்கு" என்று இப்போது மாற்றிச் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். 4,000 கி.மீ. தானே ஓடியிருக்கிறது, இன்னும் ஒரு வருடம் தள்ளினால் என்ன? மேனுவலில் 10,000 கி.மீ. என்றுதானே இருக்கிறது?

ஷெட்_அண்ணன்

அந்த வரியை முழுதாகப் படியுங்கள் தம்பி. 10,000 கி.மீ. அல்லது 1 வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்களைப் போல ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே இல்லை. எல்லாம் ஆயிலோடு கலந்து கிடக்கும். தினமும் திண்டிவனம் போய் வருகிற டாக்ஸியின் ஆயில் இதைவிட நன்றாக இருக்கும்.

செயலாளர்_சார்

மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் வளாகத்தில் இந்த வேலைக்கு அனுமதி கிடையாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு பி பிளாக் தூண் பக்கத்தில் தரையில் இருக்கிற கறையைக் காட்டுவேன். பேவர் பிளாக்கில் இறங்கிய கருப்பு ஆயில் மழைக்கும் போகவில்லை, ஆசிட்டுக்கும் போகவில்லை. வந்த ஆள் ஒரு பழைய பிளக்ஸ் பேனரை விரித்துவிட்டு வேலை செய்தார். அதில் கொட்டியதை மடித்துத் தூக்கும்போது ஓரத்தில் வழிந்துவிட்டது. பிறகு கேட்டால் போனை எடுப்பதில்லை.

கறை கிடக்கட்டும். இங்கே எல்லோரும் புது ஆயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆயில் எங்கே போகிறது? இதற்குப் பதில் தெரிந்தால்தான் நான் பொதுக்குழுவில் பேச முடியும்.

வேன்காரன்_ஓஎம்ஆர்

நான் இதே தொழில் செய்கிறவன் என்பதால் சொல்லலாம் என்று வந்தேன். விளம்பரம் இல்லை, என் பெயர், நம்பர் எதுவும் போடப் போவதில்லை.

முதலில் எங்கள் பக்க நிலவரம். ஒரு வண்டிக்கு வேலை 40 நிமிடம்தான். அம்பத்தூரில் முடித்துவிட்டு சோழிங்கநல்லூர் வருவதற்குள் பாதி நாள் ரோட்டில் போய்விடும். அதனால் ஒரே பகுதியில் நாலைந்து வண்டி சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். இதைச் சமாளிக்கத்தான் சிலர் அவசரப்படுகிறார்கள். என்ஜினைச் சூடாக்காமல் கழற்றுவது, சொட்டு நிற்பதற்குள் போல்ட்டை மூடுவது, வாஷரை விட்டுவிடுவது எல்லாம் இந்த அவசரத்தில் வருவதுதான். உங்கள் ஆள் வந்ததும் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருக்கிறாரா பாருங்கள். கொதிக்கக் கொதிக்கக் கழற்றினால் கை வெந்துவிடும், ஆறிப்போனால் அழுக்கு இறங்காது.

ஜாக்கி மட்டும் போட்டு வண்டிக்கு அடியில் யாராவது நுழைந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். ரேம்ப் வேண்டும், இல்லையென்றால் ஜாக்கியோடு ஸ்டாண்டும் வேண்டும். அவர் உயிர் போனால் உங்கள் பார்க்கிங்கில்தான் போகும்.

செயலாளர் சார் கேட்டதற்கு வருகிறேன். பழைய ஆயிலுக்கு விலை உண்டு. வாங்க ஆட்கள் டிரம்மோடு வருவார்கள். சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த, அதைச் சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்குகிறவர்களுக்குத்தான் அது போக வேண்டும். நான் அப்படித்தான் கொடுக்கிறேன். எல்லோரும் அப்படியா என்றால், இல்லை. சென்டரிங் வேலைக்காரர்கள் இதைவிட நல்ல விலை கொடுக்கிறார்கள்.

மேகலா_தாம்பரம்

சென்டரிங்குக்கு இதை என்ன செய்வார்கள்?

கோவை_டீசல்

கான்கிரீட் போடுவதற்கு முன் பலகை, தகரத்தில் தடவுவார்கள். ஒட்டாமல் கழன்று வரும். நம் வீட்டு மேல்கூரையெல்லாம் யாரோ ஒருவருடைய கருப்பு ஆயிலில் வார்த்ததுதான். கரையான் வராமல் இருக்க மரச்சட்டத்தில் பூசுவதும் ஊரில் உண்டு. செங்கல் சூளையில் எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செயலாளர்_சார்

எரித்தால் அதில் இருக்கிற உலோகத் துகள் எல்லாம் காற்றில்தானே?

பள்ளிக்கரணை_பறவை

காற்றில், அப்புறம் தண்ணீரில். 2016ஆம் வருட அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளில் பயன்படுத்திய ஆயில் பட்டியலிலேயே இருக்கிறது. மழைநீர் வடிகாலில் ஊற்றுவது வெறும் அசிங்கம் மட்டும் இல்லை, சட்ட மீறல். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற நிறுவனங்களே தங்கள் சரக்கின் ஒரு பங்குக்காவது மறுசுழற்சிக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் நம் பார்க்கிங்கில் டப்பாவோடு நிற்கிற ஆள் வரை அது வந்து சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் ஒரு கணக்கு உண்டு. ஒரு காரில் ஒரு தடவை மாற்றிய ஆயில் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும். நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். இங்கே எங்கள் பக்கத்து வடிகால் நேராகச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எல்லோரும் கொதித்தோம். அது பெரிய அளவு, கண்ணுக்குத் தெரிந்தது. தெருத் தெருவாக வடிகாலில் போகிற 3 லிட்டரை யாரும் படம் எடுப்பதில்லை.

வெள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த வாரம் எங்கள் தெருவில் வாசலுக்கு வந்து ஆயில் மாற்றுகிறவர்கள்தான் உண்மையில் கைகொடுத்தார்கள். தண்ணீரில் நின்ற வண்டியின் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தது. அப்படி இருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. ஷெட்டுக்கு இழுத்துப் போக ரெக்கவரி வண்டி கிடைக்காத நேரத்தில், நிறுத்திய இடத்திலேயே ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, பிறகுதான் தொட்டார்கள். வீட்டுக்கு வருகிற சர்வீஸ் என்பது சோம்பேறிகளுக்கு என்று நினைத்திருந்த என் பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

நாவலூர்_நிதி

என் கார் வாரன்டியில் இருக்கிறது. வெளியே ஆயில் மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று ஷோரூமில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

கோவை_டீசல்

ஒரேயடியாக அப்படிச் சொல்ல முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் ஆணை போட்டது. அபராதமே 2,500 கோடிக்கு மேல். வெளியே சர்வீஸ் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்று அதில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் உங்களுக்கு நடைமுறை யோசனை வேண்டுமென்றால், வாரன்டி முடியும் வரை அங்கேயே விடுங்கள். என்ஜினில் ஏதாவது வந்தால், ஆயிலால் வரவில்லை என்று நிரூபிக்க அலைவது நீங்கள்தான். ஆணையத்தின் ஆணையைக் கவுன்டரில் நீட்டினால் அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிடுவான், மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார்.

ஆக்டிவா_அக்கா

கார் இழையில் பைக் பேசுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் ஒரு ஆக்டிவா, ஒரு ஸ்ப்ளெண்டர். வாசலுக்கு வந்த பையன் ஒரே டப்பாவிலிருந்து இரண்டுக்கும் ஊற்றினான். இரண்டும் 10W-30 தான் அக்கா என்றான். அன்றிலிருந்து கத்திப்பாரா பாலம் ஏறும்போது ஸ்ப்ளெண்டரில் என்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஆயிலால் இருக்குமா?

ஷெட்_அண்ணன்

அந்த டப்பாவை எடுத்துப் பின்னால் பாரும்மா. எம்பி என்று இருக்கிறதா, எம்ஏ என்று இருக்கிறதா?

ஆக்டிவா_அக்கா

எம்பி என்று போட்டிருக்கிறது அண்ணா.

ஷெட்_அண்ணன்

கதை அதுதான். ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். அதற்கு எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும், அப்போதுதான் தட்டு தட்டைப் பிடிக்கும். எம்பி ஆயில் வழுக்கல் அதிகம். ஸ்கூட்டியில் கிளட்ச் தனியாக உலர்ந்த பெட்டியில் இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை, மைலேஜுக்கு நல்லதும்கூட. 10W-30 என்பது ஆயிலின் கெட்டி எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். உடனே இறக்கிவிட்டு எம்ஏ2 ஊற்றுங்கள். கிளட்ச் தட்டு கருகாமல் இருந்தால் சரியாகிவிடும். காருக்கு ஊற்றுகிற ஆயிலை பைக்கில் ஊற்றினாலும் இதே கதைதான். அதனால் கார் ஆயில் மாற்ற வருகிறவரிடம் "மிச்சத்தை அப்படியே பைக்குக்கும் ஊற்றிடுப்பா" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆக்டிவாவின் பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் என்று தனியாக ஒன்று, 120 மி.லி. இருக்கும். அதை யாரும் மாற்றுவதே இல்லை. அதையும் கேளுங்கள்.

வேளச்சேரி_வேகன்

வேலை முடிந்தது, எழுதிவிடுகிறேன். சங்கத்தில் அனுமதி கேட்டு, அட்டையும் மரத்தூளும் நானே வாங்கி வைத்தேன். ஆயிலும் நான்தான் வாங்கினேன். அதனால் கூலிக்கும் ஃபில்டருக்கும் சேர்த்து 600 ரூபாய் என்று பேசி முடித்தோம்.

இரண்டு பேர் வந்தார்கள். முன் சக்கரங்களை ரேம்ப்பில் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். டிரெய்ன் போல்ட்டைத் திறந்ததும் கோடாக வந்தது, பிறகு நூலாகி, பிறகு சொட்டு. சொட்டு நிற்கும் வரை காத்திருக்கச் சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே டீ கேட்டார். வாஷர் பழசையே துடைத்துப் போடப் போனார். புதிது இல்லையா என்றதும் பையிலிருந்து எடுத்தார். ஆக, இருந்திருக்கிறது! ஃபில்டர் வளையம் பழைய ஃபில்டரோடேயே வந்துவிட்டது, மேகலா மேடம் சொன்ன மாதிரி விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு அணைந்தது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம், கசிவு இல்லை. வண்டியைச் சமதரைக்கு இறக்கி, கொஞ்சம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே.

பில்லில் கிலோமீட்டரையும் ஆயில் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஷெட்_அண்ணன்

நல்லது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை லெவல் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது தரையையும் பாருங்கள். ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது: அவர்கள் ஆயில் மட்டும்தான் மாற்றினார்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றியிருந்தால் ஆக்ஸில் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிரேக் பேட் எவ்வளவு இருக்கிறது என்று நானே பார்த்திருப்பேன். 2017 வண்டி. அந்த வேலைக்காவது ஒரு தடவை யாரிடமாவது போங்கள், என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை.

வேளச்சேரி_வேகன்

கட்டாயம் அண்ணா. அடுத்த மாதம் பிரேக் பார்க்க விடப் போகிறேன்.

செயலாளர்_சார்

பழைய ஆயில்?

வேளச்சேரி_வேகன்

மூடி போட்ட கேனில் எடுத்துப் போனார்கள் சார். யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பதிவு பெற்ற ஆளுக்குத்தான் என்றார்கள். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார்கள். இன்னும் வரவில்லை.

செயலாளர்_சார்

வந்ததும் எனக்கு அனுப்புங்கள். வரும் வரை எங்கள் வளாகத்தில் அனுமதி இல்லை.

வேன்காரன்_ஓஎம்ஆர்

சார், ஆயில் வாங்குகிறவர் கொடுத்த ரசீது, அவருடைய வாரியப் பதிவுச் சான்று இரண்டின் நகலையும் நான் வேனிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. மடிப்பாக்கம் பக்கம் வரும்போது காட்டுகிறேன்.